மெட்டுச் சாலையில் கிடைத்த மெழுகு நிறக் கல்

நானும் அவளும் மதுரையில் ஒரே விடுதி அறையில் தங்கி நிலவியல் படித்தோம். வகுப்பில் முதலிடம் எப்போதும் எனக்குத்தான். தேர்வுக்கு முதல் நாள் என் நோட்டை வாங்கிப் படிப்பவள் அவள். படிப்பு முடிந்ததும் எனக்குக் கம்பத்தில் கல்யாணம் ஆனது. ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனேன். கோம்பை ஊர்க்காரியான அவள் மேலே படித்து ஆராய்ச்சி வேலைக்குப் போனாள்.

போன வருடம் திடீரென்று போன் செய்தாள். "கம்பமெட்டு மலையில பாறை சாம்பிள் எடுக்கணும்டி. உன் வீட்டுல ரெண்டு நாள் தங்கிக்கவா?"

மறுக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் இருவரும் மலை ஏறினோம். சாலை வளைவு ஒன்றில், வெட்டிய பாறையில் வெள்ளையாக ஒரு பட்டை ஓடியது. பதினோரு வருடமாக நான் ஜன்னல் வழியே பார்த்துப் போன பட்டை. ஏதோ சுண்ணாம்புக்கல் என்று நினைத்திருந்தேன். அவள் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள்.

"இது கடலடிச் சுண்ணாம்பு இல்லடி. பூமிக்கு அடியில உருகிக் கிடந்து மேல வந்த கார்பனடைட்" என்றபடி சுத்தியலை எடுத்தாள். அரை மணி நேரத்தில், நெல்லிக்காய் அளவில் மெழுகு போன்ற மஞ்சள் பழுப்புத் துண்டு ஒன்று பெயர்ந்து வந்தது. என் கையில் வைத்தாள். அந்த அளவுக் கல் அவ்வளவு கனத்திருக்கக் கூடாது. எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுக்கம். கத்தி முனையில் லேசாகக் கீறல் விழுந்தது. மூன்று அடையாளமும் படித்தவைதான். ஆனாலும் அவள் சொல்லும்வரை எனக்குப் பெயர் ஞாபகம் வரவில்லை.

"பாஸ்ட்னசைட்டா இருக்கும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் சமையலறையிலேயே சோதித்தாள். வெள்ளைக் கல்லில் ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. பழுப்புக் கல்லின் பொடி சும்மா கிடந்தது. அதை அமிலத்தோடு சோதனைக் குழாயில் போட்டு வெந்நீரில் வைத்தாள். மெல்ல மெல்லக் குமிழ்கள் எழுந்தன. சீரியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்கள் கார்பனேட்டோடும் ஃப்ளோரினோடும் சேர்ந்து கல்லாகிக் கிடக்கின்றன, காற்றாலை முதல் செல்போன் வரை இவைதான் தேவை என்று அவள் விளக்கினாள். திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்த என் கணவர் சாப்பிடாமல் நின்று கேட்டார். நான் சொன்ன எதையும் அவர் அப்படி நின்று கேட்டதில்லை.

என் மாமியார் என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீயும் இதத்தான படிச்ச? இத்தன வருசமா இங்கனதான இருக்க. ஒரு வார்த்த சொன்னதில்லையே."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

அவள் குளிக்கப் போனபோது, அவள் பையிலிருந்த அந்தத் துண்டை எடுத்துத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்தேன். யோசித்துச் செய்ததல்ல. கை செய்தது என்று சொன்னால் அதுவும் பொய்.

மறுநாள் காலை அவள் பையைக் கவிழ்த்துத் தேடினாள். "ஜீப்புல விழுந்திருக்கும்" என்றேன். இருவரும் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனோம். சீட்டை எல்லாம் கழற்றி டிரைவர் தேடிப் பார்த்தார். "நான் எதையும் எடுக்கலைங்க அக்கா" என்று இரண்டு தடவை சொன்னார். அவரை யாரும் குற்றம் சொல்லவே இல்லை.

அவள் அதே ஜீப்பில் தனியாக மறுபடியும் மலை ஏறினாள். மத்தியானம் வெறுங்கையோடு, முழங்கால் தோல் உரிந்து வந்தாள். பாறையில் சறுக்கிவிட்டதாம். காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். "உனக்குத்தாண்டி சிரமம்" என்றாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. டப்பாவை எடுத்து வந்து அவள் முன்னால் கவிழ்த்தேன்.

பருப்புக்கு நடுவில் கிடந்த கல்லை அவள் எடுத்துத் துடைத்தாள். "கேட்டிருந்தா பாதி உடைச்சுக் குடுத்திருப்பேன்ல" என்றாள். கல்லைக் காகிதத்தில் சுற்றி மேலே சாம்பிள் எண் எழுதினாள். மறுநாள் கிளம்ப வேண்டியவள் அன்று மாலையே பஸ் ஏறிவிட்டாள்.

நான் டிரைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கெடச்சிருச்சுல்ல, விடுங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

இரண்டு மாதம் கழித்து அவள் போன் செய்தாள். ஆய்வகத்தில் பாஸ்ட்னசைட் என்று உறுதியாகிவிட்டதாம். நான் வாழ்த்துச் சொன்னேன். வாய் மட்டும்தான் சொன்னது.

"கட்டுரைல உன் பேரையும் போடவாடி? ரெண்டு பேரும் சேர்ந்துதான போனோம்."

"வேண்டாம்" என்றேன். போனை வைத்த கையோடு, சரி என்றிருக்கலாமே என்று தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.