உதைக்க ஒரு ஆள்

என் வீட்டுக்காரர் வீட்டில் பேச மாட்டார். கோபக்காரர் இல்லை, குணம் கெட்டவரும் இல்லை. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சாப்பாடு ஆயிட்டா", "மழை வரும் போலுக்கு", "கதவப் பூட்டியாச்சா", ஒரு நாளைக்கு அவர் வாயிலிருந்து உதிர்வது இவ்வளவுதான். நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். மைதானத்தின் ஒரு முனையில் நின்று ஓர் அதட்டுப் போட்டால் மறுமுனையில் ஓடுகிற பிள்ளை அப்படியே நிற்கும். இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு மனுசனுக்கு வாக்கப்பட்டோமே என்று கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் காலை ஆராதனை முடிந்ததும் நாங்கள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. அவருடைய பழைய மோட்டார் சைக்கிளில் மேலப்பாளையம், தருவை, பத்தமடை என்று சேரன்மகாதேவி வரை போவோம். ஆற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவோம். மேலப்பாளையம் நெரிசல் முடிந்து வயல் தெரிய ஆரம்பித்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிடும். ஆபீஸில் யார் யாரைக் கவிழ்த்தார்கள், அவருடைய அப்பாவோடு என்ன சண்டை, செத்துப்போன அண்ணன் சின்ன வயதில் என்னவெல்லாம் செய்தான், எல்லாம் வரும். எங்களுக்குப் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் முடிவாகச் சொன்ன வாரம் அவர் அழுததுகூட அந்த வண்டியில்தான். முதுகு குலுங்கியதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் அந்த மனுசனுக்கு எல்லாம் சொல்ல வருகிறது. நான் அதைப் புரிந்துகொண்டபோது எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருடம் ஓடியிருந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு காய்ச்சல் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டியை நான் விட்டதில்லை.

அந்த வண்டி ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓடிய ரகம். குங்குமச் சிவப்பு டேங்க், இரண்டு பக்கமும் இரண்டு சைலன்சர், நீளமான தட்டையான சீட். கிளம்பும்போது தெருவே புகையாகும். அந்த வண்டி செய்வதை நிறுத்தி எவ்வளவோ காலமாயிற்று, ஆனாலும் பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் இன்றைக்கும் நாலு பேர் வந்து சுற்றி நின்று பார்ப்பார்கள். இடது பக்கம் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு கம்பி வலையும், கால் வைக்க ஒரு தகடும் உண்டு. நான் சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்தால் என் வாய் சரியாக அவர் காதுக்குப் பக்கத்தில் வரும். அவர் லேசாகத் தலையைச் சாய்த்தால் அவர் சொல்வதும் எனக்குக் கேட்கும்.

போன வருடம் அவருடைய முட்டு போயிற்று. டாக்டர் நல்ல மாதிரிதான் சொன்னார். நடக்கலாம், படி ஏறலாம், வண்டிகூட ஓட்டலாம், ஆனால் உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற வேலை மட்டும் கூடவே கூடாது. பழைய வண்டியில் உதைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. வீட்டில் யாரையாவது கூப்பிட்டு உதைக்கச் சொல்லலாம். பாலத்தில் நிறுத்தினால் அங்கே யாரைத் தேடுவது? வண்டியைப் போர்வை போட்டு மூடி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் கோயிலுக்குப் போய் ஆட்டோவில் திரும்பினோம். ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு தடவை சொன்னேன். அவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

மாதக்கணக்காக வீட்டில் சாப்பாடு ஆயிட்டா, கதவப் பூட்டியாச்சா மட்டும்தான். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அவருக்கு உள்ளே ஏதோ ஓடுகிறது, அது என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். கேட்கக் கேட்க இன்னும் இறுகிப் போவார்.

அப்போதுதான் என் தம்பி வந்து அந்தச் செய்தியைச் சொன்னான். அதே பெயரில், அதே சிவப்பில், புது வண்டி வந்திருக்கிறதாம். "பொத்தான அமுக்குனா ஸ்டார்ட் ஆயிரும் அத்தான். பிரேக்கெல்லாம் அப்படி நிக்கும். புகையே கெடையாது. பழசவிட ரெண்டு மடங்கு ஓடும்," என்றான். அவனுடைய நண்பர் ஒருவர் அதை வாங்கி வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை காலையில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். இவர் புது வண்டியை ஓட்டிக்கொண்டு போக, தம்பி தன்னுடைய வண்டியில் பின்னாலேயே போனான். பத்தமடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இவர் இறங்கி, கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். முகம் ஒரு மாதிரி இளகியிருந்தது. எத்தனையோ மாதம் கழித்து அந்த முகத்தைப் பார்க்கிறேன்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்ல வண்டி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சந்தோசப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே மூன்று பேரும் எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டை ஷோரூமுக்குப் போனோம். பழைய வண்டிகளை வாங்கிச் சேர்க்கிற நாங்குநேரி அண்ணாச்சி ஒருவரையும் தம்பி ஏற்பாடு செய்துவிட்டான். அவர் வந்து எங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போயிருந்தார். எங்கள் வீட்டில் இரண்டு வண்டி நிறுத்த இடம் கிடையாது.

அன்றைக்கு வாசலில் நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன், ஷோரூமில்தான் அந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். முன்பக்கம் பார்த்தால் பழசின் தங்கச்சி என்றே சொல்லலாம். பின்பக்கம்தான் வில்லங்கம். ஓட்டுகிறவருக்குத் தாழ்வாக ஒரு சீட், அதற்குப் பின்னால் மேலே தூக்கிக்கொண்டு உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு சீட். மணைப்பலகைகூட அதைவிடப் பெரிதாக இருக்கும். இவர் முன்னால் ஏறிக்கொண்டார். நான் வழக்கம்போல ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தேன். கால் அந்தரத்தில் தொங்கியது. சேலை வழுக்கியது. அவருடைய தலை எனக்கு நெஞ்சு உயரத்தில் இருந்தது. அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

"மேடம், ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தா வசதியா இருக்கும்," என்றாள் அங்கே வேலை பார்க்கிற பெண்.

"கோயிலுக்குக் கட்டுற சேலையில காலத் தூக்கிப் போட்டு உக்காரச் சொல்லுதியாம்மா? நீ உக்காந்து காட்டு, பொறவு நான் உக்காருதேன்," என்றேன். பாவம், அந்தப் பிள்ளை சிரித்து மழுப்பிவிட்டது. மைதானத்தில் நான் பேண்ட்டும் சட்டையுமாகக் குதிக்கிறவள்தான். ஞாயிற்றுக்கிழமைச் சேலை வேறு சமாச்சாரம். அது போகட்டும், பேண்ட் போட்டுக்கொண்டே ஏறினாலும் அவர் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு நான் என்னத்தைக் கேட்பது?

இவர் வண்டியின் டேங்கைத் தடவிப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுதோம்," என்று தம்பிதான் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அந்த வண்டியையே எடுக்கச் சொல்லு," என்றேன்.

"நீ எப்படி உக்காருவ?"

"நான் உக்காரல. அவுக மட்டும் போய்ட்டு வரட்டும். அன்னைக்கு அந்த மூஞ்சியப் பாத்தேல்லா. நான் எடஞ்சல் பண்ண மாட்டேன்," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"அப்ப ஏங்க்கா அழுத?"

"அழாம என்னலே செய்ய? எனக்கு வண்டி வேண்டாம். அவுக பேச்சுதான் வேணும். அது அந்தப் பழசோட பின்சீட்டுலதான் கெடைக்கும். உனக்கு எங்க வெளங்கப் போகுது," என்று அவன் மேல் பாய்ந்தேன். அவன் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசித் தடவையாகப் பழைய வண்டியிலேயே போவோம் என்று இவர்தான் சொன்னார். தம்பி காலையில் வந்து உதைத்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தான். அவனுக்கு மூன்றடைப்பு ஊரில் ஒரு கல்யாண வீடு, அப்படியே போய்விட்டான். வீட்டிலிருந்து கோயிலுக்கு அஞ்சு நிமிசம்தான், அதற்குள் என்னத்தைப் பேச முடியும்? திரும்பும்போது உதைத்துக் கொடுக்க ஆளா இல்லை என்று நினைத்துவிட்டோம்.

ஆராதனை முடிந்தது. ஐயர் வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்லுவோம். நாங்கள் கைகொடுத்துவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்தோம். அங்கே நின்ற ஒரு பையனைக் கூப்பிடலாமா என்று நான் பார்ப்பதற்குள் இவர் வண்டியில் ஏறி, நல்ல காலை ஊன்றி, முட்டு போன காலைத் தூக்கி மிதியில் வைத்துவிட்டார். யாரிடமும் கேட்பது அவருக்குப் பிடிக்காது.

"காலை எடுங்க," என்றேன். மைதானத்தில் போடுகிற அதே அதட்டு. ஐயர் உட்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் காலை எடுத்துவிட்டார்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமாக இரண்டு பேரும் ஆள் தேடியிருக்கிறோம். தம்பியைத் தேடினோம், இங்கே நிற்கிற பையனைத் தேடினோம், பொத்தான் வைத்த வண்டியையே தேடிப் போனோம். உயரம் தாண்டவும் குண்டு எறியவும் காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒருத்தி, இரண்டு முட்டும் கல்லு மாதிரி இருக்கிறவள், வீட்டிலேயே இருக்கிறாள். பின்னால் உட்காருகிறவள் முன்னால் வந்து வண்டியை உதைக்கலாம் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவே இல்லை. இந்தக் கூறுகெட்டதனத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

"இறங்குங்க," என்றேன்.

"ஏளா, என்ன செய்யுத?"

"இறங்குங்கன்னா இறங்குங்க."

அவர் இறங்கி ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினேன். கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தேன். வண்டி திருப்பி உதைத்தது. கெண்டைக்கால் விண்ணென்று தெறித்தது. சபை மக்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிற அம்மாள், "டீச்சர், பாத்து, பாத்து," என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இவர் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார். "பைய மிதி. கொஞ்சம் எதுத்து நிக்குத எடம் வரும். அங்கன நிறுத்து. பொறவு ஒரே மிதி, காலை அந்தானைக்கு டக்குனு எடுத்துரு."

பைய மிதித்தேன். எதிர்த்து நின்ற இடம் வந்தது. நிறுத்தினேன். கர்த்தாவே என்று ஒரே மிதி. மரத்தடியெல்லாம் புகை. ஐயர் கையால் விசிறிக்கொண்டே சிரித்தார்.

இவர் ஏறினார். நான் முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டு பின்னால் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தேன். மேலப்பாளையம் சந்தையைத் தாண்டினோம்.

"நாங்குநேரி அண்ணாச்சிட்ட வண்டி இல்லன்னு சொல்லிருங்க," என்றேன்.

"சரி."

"அந்தப் புது வண்டி ஆசையா இருந்தா அதையும் சொல்லுங்க. மனசுல வச்சுக்கிட்டு இருக்காதீய."

வயல் வந்தது. அறுத்து முடித்த நெல்தாளுக்குள் கொக்குகள் நின்றன. தருவையைத் தாண்டினோம். பிறகு அவர் லேசாகத் தலையைச் சாய்த்தார்.

"அன்னைக்குப் புது வண்டில பத்தமடை வரைக்கும் போனேம்லா."

"ஆமா."

"இந்த எடத்துலதான் பேச ஆரம்பிச்சேன். பேசிக்கிட்டே போறேன், பேசிக்கிட்டே போறேன். நீ ஒண்ணுமே சொல்லலியேன்னு பத்தமடை முக்குல திரும்பிப் பாத்தேன். சீட்டு சும்மா கெடக்கு."

அன்றைக்கு வாசலில் இளகிக் கிடந்த முகம் என் கண் முன்னால் வந்தது. கண்ணாடியை ஏன் துடைத்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொன்னிய அன்னைக்கு?" என்று கேட்டேன்.

"கால் முட்டப் பத்திதான். இது இப்படியே போயி ஒருநாள் படுத்துருவேனோன்னு பயமா இருக்கு, ஒன்ன ஒத்தையில கஷ்டப்பட விட்டுருவேனோன்னு. அதத்தான் சொன்னேன்."

"எனக்குக் கேக்கலல்லா. இப்பச் சொல்லுங்க," என்றேன்.

சேரன்மகாதேவி பாலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.