எந்திரத்துக்கு ஒரு குவளை

தேனீ விஷத்தைச் சுத்தம் செய்வதில் எங்கள் சுஞ்சாங் ஊரில் பியோ உல்சுன் அக்காவை மிஞ்ச ஆளில்லை. கூட்டு வாசலில் மின்கம்பி கட்டிய கண்ணாடித் தகட்டில் தேனீக்கள் கொட்டிவிட்டுப் பறந்துவிடும். காய்ந்த விஷத்தைச் சுரண்டிக் கரைத்து, முகப்பூச்சுக் கம்பெனிகள் கேட்கும் ஒரே ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுப்பது அக்காவின் வேலை. இருபது வருஷமாக நாற்றம் பிடித்த ஒரு திரவத்தை வைத்துத்தான் செய்தாள். சாயங்காலமானால் தலைவலி மண்டையைப் பிளக்கும்.

"இன்னும் ஒரு வருஷம் இதை மோந்தா ஈரல் போயிடும்மா" என்றார் டாக்டர். வேலையை விட்டால் சோற்றுக்கு என்ன வழி?

தண்ணீரும் அரிசிச் சாராயமும் போதும் என்று மூன்று வருஷம் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். முதலாளி சிரித்தார். சியோலிலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்து அதையே 'பசுமை முறை' என்றார், மறுவாரமே புது எந்திரம் இறங்கியது. முதல் சரக்கு தொண்ணூற்றைந்து சதவீதம் சுத்தமாக வராவிட்டால் பழைய திரவம்தான் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

புது எந்திரம் என்றால் பூசை இல்லாமலா? பன்றித் தலை வைத்து எல்லாரும் விழுந்து கும்பிட்டோம். முதலாளி குவளை நிறைய மக்கொல்லிக் கள்ளோடு போய் எந்திரத்தின் தொட்டியைத் திறந்தார்.

"முதலாளி, தரையில ஊத்துங்க! உள்ள ஊத்துனா வடிகட்டி அடைச்சுக்கும்" என்றாள் அக்கா.

"அட போம்மா! வாயிருக்க, கால்லயா ஊத்துவாங்க?"

கவிழ்த்தே விட்டார். விருந்தாளிகள் கைதட்டினார்கள். நான் அக்காவிடம் ஓடினேன். எழுநூறு கூடுகளின் ஒரு மாத விஷமாயிற்றே! அக்காவோ பன்றிக் காதை நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, எல்லாம் போச்சே!"

"என்னடி போச்சு? தொட்டில வெறும் தண்ணி. குழாயையும் மூடிட்டேன். விஷம் கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற ஃபிரிட்ஜ்ல பத்திரமா இருக்கு. இருபது வருஷமா இந்த மனுஷனப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

மறுநாள் தொட்டியைக் கழுவி விஷத்தை ஏற்றினாள். தொண்ணூற்றேழு! சோதனைத் தாளைப் பார்த்து அக்கா அழுதாள், நானும் அழுதேன்.

"பாத்தியா, கள்ளு வேலை செஞ்சிருச்சு!" என்றார் முதலாளி. செய்முறைப் புத்தகத்தில் 'முதலில் ஒரு குவளை மக்கொல்லி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

இப்போது மாதாமாதம் அந்தக் குவளை தவறாமல் வருகிறது. அக்கா தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, 'ஊற்றியாயிற்று' என்று குறித்துவைக்கிறாள். தலைவலி போன இடம் தெரியவில்லை.

"ஈரலை ஜாக்கிரதையா பாத்துக்கிறியாம்மா?" என்றார் டாக்டர் போன வாரம்.

"திரவத்தை விட்டாச்சு டாக்டர். மத்ததுக்கு முதலாளி கையெழுத்து இருக்கு."