ஏழாம் நம்பர் ஏறிவிட்டது

ஒரு பேய்க்கு ஆங்கில உச்சரிப்புப் படிப்பித்த வாத்தியார் இந்த ஆக்லாந்தில் நான் ஒருவன்தான். அந்தப் பேய் என் மாணவிகள் எல்லாரையும்விடத் திறமாகத் தேறியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். நான் பிடித்த மீன்கள் வருடா வருடம் வளர்கின்றன என்று நான் குடியிருக்கும் பிளாட் புஷ் முழுக்கக் கதை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இது நடந்தது. இதில் நான் கூட்டியது ஒன்றும் இல்லை, குறைத்ததுதான் உண்டு.

எல்லாம் கொரியாவில் பிடித்த பழக்கத்தால் வந்தது. நியூசிலாந்து பாஸ்போர்ட்டோடு போய் டேகு நகரில் இரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். சனி ஞாயிறு வந்தால் என்னை வீட்டில் இருக்க விடமாட்டார்கள். மலைதான். உச்சியில் முன்பின் தெரியாதவர்கள் வெள்ளரிக்காய் நறுக்கிக் கையில் திணிப்பார்கள். ஒரே நாளில் நாற்பது வெள்ளரிக்காய் தின்றிருக்கிறேன். சரி, பதினான்கு. திரும்பும்போது எங்கள் குழுத் தலைவர் தலைகளை எண்ணமாட்டார். வரிசையில் நின்று அவரவர் நம்பரை அவரவரே உரத்துச் சொல்ல வேண்டும். கடைசி நம்பர் கேட்டதும் நடையைக் கட்டலாம். கண்ணுக்கு வேலையே இல்லை, காது போதும். எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று.

ஓய்வு பெற்றுத் திரும்பியதும் நியூ லின்னில் ஒரு மண்டபத்தில் வகுப்புத் தொடங்கினேன். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆக்லாந்து வந்த கொரிய அம்மாமார் பதினொரு பேர். வெள்ளிக்கிழமை பாடம், ஞாயிறு உலா. உலாவில் நம்பர் சொல்வதும் ஆங்கிலத்தில்தான்.

ஏழாம் நம்பர் மிஸிஸ் யூன். எழுபத்தொரு வயது. எட்டுக் கிழமையாக, வெள்ளிக்கு வெள்ளி முயன்றும் அவர் வாயில் ‘செவன்’ வரவில்லை. ‘செபன்’தான். கீழ் உதட்டைப் பல்லில் வைத்துக் காட்டிக் காட்டி எனக்கே உதடு வீங்கிவிட்டது.

2023 ஜூன் 18, ஞாயிறு. ரங்கிடோட்டோ தீவுக்குப் போனோம். ஃபெரியில் இருபத்தைந்து நிமிடம். புறப்படும்போது யூனின் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அம்மாவுக்கு இருதயம் பலவீனம், போன் பாவிக்கத் தெரியாது, இருட்டுமுன் கொண்டுவந்து விடுங்கள் என்றாள். என் உயிர் போனாலும் உங்கள் அம்மா வருவார் என்றேன். வாய் சும்மா இருக்காதே.

அந்தத் தீவில் கடை இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. எங்கு பார்த்தாலும் கரிய எரிமலைக் கல். கடைசி ஃபெரி 3.45க்கு. அதை விட்டால் அன்றைக்கு வேறு ஃபெரி இல்லை.

மலை உச்சியிலிருந்து இறங்கும்போது மழை பிடித்தது. எல்லாரும் ஒரே மாதிரி நீலப் பிளாஸ்டிக் மழைக்கோட்டு. தொப்பியை இழுத்து விட்டதால் முகம் தெரியவில்லை.

மணி 3.38. இறங்குதுறை. எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. ஃபெரியில் வேலை செய்கிற நிமலன், எங்கள் ஊர்ப் பெடியன், ஏறும் பலகையின் மேல் முனையில் ஆள் எண்ணும் கிளிக்கரோடு நின்றான். கீழ் முனையில் நான். ஒவ்வொருவருக்கும் என் இடது கையைக் கொடுத்து ஏற்றினேன். மழைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நம்பரை மட்டும் கேட்டேன்.

வன். டூ. த்ரீ. ஃபோர். ஃபைவ். சிக்ஸ்.

செவன்.

கை குளிர்ந்திருந்தது. ஜூன் மாதத்தில் யாருடைய கை சுடும்? அடுத்த கையைப் பிடித்தேன்.

பதினொன்றும் கேட்டது. நானும் ஏறினேன். நிமலனின் கிளிக்கரில் பன்னிரண்டு. சரி.

3.52. ஃபெரி நடுக்கடலில். ஒரு பழக்கத்துக்கு மறுபடியும் நம்பர் கேட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து வந்தது. ‘செவன்.’ கண்ணாடி போலத் தெளிவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, செபன் இல்லை, செவன். எட்டுக் கிழமை பாடுபட்டதற்குப் பலன். “வெரி குட், மிஸிஸ் யூன்” என்றேன்.



இடது கை மரத்திருந்தது. தேய்த்தேன். தேய்ப்பது தெரியவில்லை…

4.11. ஆக்லாந்துத் துறை. இறங்கினோம். நம்பர் கேட்டேன்.

வன். டூ. த்ரீ. ஃபோர். ஃபைவ். சிக்ஸ்…

…

மழைச் சத்தம்.

தொப்பிகளை விலக்கிப் பார்த்தேன். பத்து முகங்கள்.

ஃபெரிக்குள் ஓடினேன். ஒருவரும் இல்லை. நிமலன் கிளிக்கரைப் பார்த்தபடி நின்றான். ஏறியது பன்னிரண்டு. இறங்கியது பதினொன்று.

பயம் வரவில்லை. அழுகை வரவில்லை. யூனின் மகளுக்கு நான்தான் போன் செய்தேன். என் குரல் யாரோ ரேடியோவில் வாசிப்பது போலக் கேட்டது.

5.26. இருட்டிவிட்டது. பொலிஸ் படகு மிஸிஸ் யூனைக் கண்டுபிடித்தது.

ரங்கிடோட்டோ இறங்குதுறையில்.

நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மகள் மொழிபெயர்த்தாள். மிஸிஸ் யூன் இறங்குதுறைக் கழிப்பறைக்குப் போயிருக்கிறார். வெளியே வந்தபோது எல்லாரும் நீல மழைக்கோட்டில் வரிசையாக, முதுகு காட்டி நின்றார்களாம். தன் இடத்தில் போய் நின்றாராம். நான் நம்பர் கேட்டேனாம். என் குரல்தானாம்.

சொன்னாராம்.

ஃபெரி போவது தெரிந்ததாம். வரிசை அசையவில்லையாம். எங்களுக்கு வேறு ஃபெரி வரும் என்று நினைத்தாராம். நான் மறுபடியும் கேட்டேனாம். மறுபடியும் சொன்னார்களாம். பதினொரு பேரும்.

எத்தனை தரம் என்று கேட்டேன்.

பத்தொன்பது.

பயந்தாரா?

இல்லையாம். ஒன்றும் தோன்றவில்லையாம். நின்றாராம், அவ்வளவுதான். படகின் வெளிச்சம் விழுந்தபோது தனியாக நின்றாராம்.

போகுமுன் ஒரு தரம் நம்பரைச் சொல்லச் சொன்னேன். “செபன்” என்றார். அன்றைக்கு எனக்கு மூச்சு வந்தது அப்போதுதான்.

வகுப்பை அந்தக் கிழமையே நிறுத்திவிட்டேன். மிஸிஸ் யூன் நலமாக இருக்கிறார். என் இடது கையின் மூன்று விரல்களுக்கு இன்றுவரை உணர்வு இல்லை. டாக்டர் நரம்பு என்கிறார். அவண் அடுப்பில் இருக்கும் கேக் தட்டை நான் துணி இல்லாமல் எடுப்பேன். மனைவி சரோஜாதேவிக்கு அது வசதி.

நான் சொல்லாத இடம் இல்லை. நம்பாத ஒரே ஆள் நிமலன். கோயிலில், கலியாண வீட்டில், எங்கே கண்டாலும் “மாஸ்டர், பேய்க்குச் சேர்டிபிக்கேட் குடுத்திட்டியளோ?” என்பான். அம்மாமாரில் ஒருத்தி பகிடிக்கு செவன் சொல்லியிருப்பாள், கிளிக்கர் மழையில் வழுக்கி இரண்டு தரம் அமுங்கிவிட்டது என்று சபை நடுவில் அடித்துச் சொல்வான். நான் பிடித்த கை? வயது போய்விட்டதாம் எனக்கு. ஃபெரி வேலையை அந்த வருடமே விட்டுவிட்டு ஈஸ்ட் டாமாக்கியில் கிடங்கு வேலைக்குப் போனான். சம்பளம் கூட என்றான்.

போன ஞாயிறு பின்னேரம் வீடு குடிபுகுதலுக்குச் சொல்ல வந்தான். சரோஜாதேவி கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி கொடுத்தாள். பேய்க்கும் அழைப்பிதழ் வேணுமோ என்று வழக்கம்போலத் தொடங்கினான். நான் அவன் கையைப் பார்த்தேன்.

கோப்பையை விளிம்பில் பிடித்திருந்தான். வலது பெருவிரல் தேத்தண்ணிக்குள் இருந்தது.

ஆவி பறந்தது.

“தம்பி, சுடேல்லையோ?”

குனிந்து பார்த்தான். விரலை எடுத்தான். சிவந்து போயிருந்தது.

“கிளிக்கர் வழுக்கேல்லை, மாஸ்டர்.”

நான் கோப்பையை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

“ஆள் ஏறினது. நீங்கள் கீழ கையை விட்டியள்…”

சட்டையில் விரலைத் துடைத்தான்.

“மேல நான்தான் பிடிச்சனான்.”