நீல டிரம்மில் ஊற்றிய கஞ்சி

அந்த டிசம்பரில் புயல் மழை ஓய்ந்து நான்கு நாளாகியும், கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனிக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் முழங்கால் தண்ணீர் வடியவில்லை. கம்பெனி கேட் பூட்டிக் கிடந்தது. தினக்கூலிக்குப் போகிறவர்கள் குடும்பத்தோடு அரசுப் பள்ளிக்கூட வராந்தாவில் ஒண்டியிருந்தார்கள். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் நானும் நான்கு ஃபிட்டர்களும் சேர்ந்து, மத்தியானத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் ஊற்ற ஆரம்பித்தோம்.

சமையல் என் தலையில் விழுந்தது. நான் திருவள்ளூரில் மடைப்பள்ளிக் குடும்பத்தில் பிறந்தவன். அங்கே பெருமாளுக்குச் செய்வதை யாரும் ருசி பார்க்க மாட்டார்கள். முகர்ந்து பார்ப்பதுகூடத் தப்பு. சின்ன வயதில், கொதிக்கிற சர்க்கரைப் பொங்கலை வாசனை பிடித்ததற்காக அப்பாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். பெருமாளுக்கு ஒரு நியாயம், பசித்தவர்களுக்கு ஒரு நியாயமா என்று எனக்கு ஒரு வீம்பு. அந்தக் கஞ்சியையும் அப்படியேதான் காய்ச்சினேன். ஃபிட்டர்கள் கேலி செய்தார்கள். நான் கேட்டால்தானே.

முதல் மூன்று நாள் அண்டாவில் கொண்டுபோனோம். நான்காம் நாள் ஆள் கூடிவிட்டது, அண்டா போதவில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து வரும் ஃபிட்டர் ஒரு நீல டிரம்மோடு வந்து நின்றார். கம்பெனிகளுக்குக் கெமிக்கல் வருகிற டிரம். காலியானதும் காயலாங்கடைக்குப் போய், அங்கிருந்து வீடுகளுக்கு வரும். தண்ணீர் பிடித்துவைக்க அது இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது.

“நேத்துதான் வாங்கனேன். சோப்பு போட்டு நல்லா கழுவிக்கினு வந்துட்டேன் சாமி. எங்க ஊட்ல பத்து வருசமா இதே மாரி டிரம்லதான் தண்ணி புடிக்கிறோம், இன்னா ஆயிப்போச்சு?” என்றார்.

எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை அதில் கவிழ்த்தோம். பச்சைத் தண்ணீர் வேறு, கொதிக்கிற கஞ்சி வேறு, சூட்டில் டிரம்மில் ஊறிய கெமிக்கல் இறங்கிவிடும் என்பது, ஸ்டோர்ஸில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியில் என் டம்ளரை வாயில் வைத்தேன். பெயிண்ட் வாடை. நாக்கில் ஒரு கசப்பு. நிமிர்ந்து பார்த்தால் வராந்தா முழுக்கக் குடித்து முடித்திருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் பயந்தது அவர்களுக்காக இல்லை. போலீஸ், வேலை, பேப்பரில் என் படம், இவைதான் முதலில் வந்தன. குழந்தைகள் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

டிரம் கொண்டுவந்த ஃபிட்டரிடம் டம்ளரை நீட்டினேன். மோந்து பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. “வாயத் தொறக்காத சாமி. ஒண்ணும் ஆவாது” என்றார்.

“யாருக்காவது வயிறு என்னமோ பண்ணுதா?” என்று கேட்டுக்கொண்டே வராந்தாவில் நடந்தேன். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். கோடியில் ஒரு பெண் மட்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையால் தரையை அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை சுருண்டு கிடந்தது. வாந்தி எடுத்திருந்தது.

“ஒண்ணுமில்ல சார், சளி” என்றாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். என் பைக்கில் பின்னால் அவள், அவள் மடியில் குழந்தை. தண்ணீர் தேங்கிய ரோட்டில் வண்டி இரண்டு தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. “அழுவுதா, அழுவுதா” என்று கேட்டுக்கொண்டே போனேன். அது அழவில்லை. அழுதால் தேவலை என்று இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர், குழந்தை என்ன சாப்பிட்டது என்று கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“பழைய சோறு சார். கெட்டுப்போயிருந்துச்சு. நான்தான் தெரியாம குட்த்துட்டேன்.”

கண் இமைக்காமல் சொன்னாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதை நினைத்தால், இன்றைக்கும் என்னைக் காறித் துப்பத் தோன்றுகிறது. குழந்தையின் கை கட்டிலிலிருந்து தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் குரல் வந்தது.

“பழைய சோறு இல்லை டாக்டர். நான் ஊற்றின கஞ்சி. கெமிக்கல் டிரம்மில் ஊற்றினோம்.”

அவர் பேனாவை வைத்துவிட்டார். என்ன கெமிக்கல்? லேபிள் கிழிந்துபோயிருந்தது, தெரியாது என்றேன். என்னைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. குடித்தவர்கள் அத்தனை பேரையும் கூட்டிவரச் சொன்னார். ஃபிட்டருக்குப் போன் செய்தேன். குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னைப் பார்க்காமலே அவள் கேட்டாள்.

“ஏன் சார் சொன்னீங்க?”

“நீ ஏம்மா பொய் சொன்னே? வாடை வந்துதா உனக்கு?”

“எல்லாருக்கும்தான் வந்துச்சு. ஓசில ஊத்தறவங்கள இன்னான்னு கேக்கறது? கேட்டா நாளைக்கு வராம போய்ட்டீங்கன்னா?”

வேனில் மற்றவர்கள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பரிசோதனை செய்துகொண்டு, தப்புச் செய்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் குழந்தை கண் விழித்துத் தண்ணீர் கேட்டது. மற்றவர்களுக்கும் ஒன்றுமில்லை, நன்றாக வெந்நீர் குடியுங்கள் என்று அனுப்பினார்கள். இனி பயமில்லை என்று டாக்டர் அவளிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாளே தவிர, பார்வை என் முகத்தைவிட்டு நகரவில்லை. அந்தக் கண்ணில் இருந்த பயம் கொஞ்சமும் இறங்கவில்லை. என்ன எதிர்பார்க்கிறாள் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

“நாளைக்கும் கஞ்சி வரும்மா” என்றேன்.

அப்போதுதான் அவள் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.