முப்பத்தோராம் தேதியில் பிறந்தவன் எழுதுவது

ஆசிரியர் ஐயா, கோணல்மாணலான எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தைந்து வயதுக்கு மேல் பேனா பிடித்தவன் நான். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆனாலும் இதை வேறு யாரையும் எழுத விடமாட்டேன்.

போன வியாழக்கிழமை பதுளையில் அரிசி வாங்கும்போது கடைக்கார நானா சொன்னார்: "நம்ம நஸீரா மிஸ் மௌத்தாயிட்டாங்க தாத்தா. நெஞ்சுவலியாம்." அரிசிப் பையை அங்கேயே வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன்.

எங்களுக்குப் புது வீடு கொடுக்கப் பட்டியல் போட்ட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர் அவர். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக அறைகள் கட்டிய எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டிருக்கிறது, எப்போதும் சரியலாம். அறுபத்து மூன்று குடும்பங்கள், இருபது புது வீடுகள். வயதில் மூத்தவர்களுக்கு முதலில் என்றார்கள். சுவரில் ஒட்டிய பட்டியலை அன்று எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து லயக்காம்பரா குமார்தான் படித்தான்.

"தாத்தா, நான் ஒண்ணாவது, நீங்க அறுபத்து மூணாவது. இனிமே என்னைய அண்ணேன்னு கூப்பிடுங்க!"

குமார் பிறந்தது 1991 டிசம்பர் முதலாம் தேதி. நான் 1949 மார்ச் முப்பத்தொன்று.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டர் பிழை விடாது என்றார் அதிகாரி. நஸீரா மிஸ் திரையைப் பார்த்தார்.

"ஐயா, தேதிய தேதியா வைக்காம வெறும் எழுத்தா வச்சிருக்கோம். அது முதல் எழுத்திலிருந்து பார்த்து அடுக்கியிருக்கு. 01 முன்னால, 31 பின்னால. வருஷம் கடைசியில நிக்குது, அதுவரைக்கும் அது போகவே இல்ல."

"அப்ப இந்தப் பெரியவர மட்டும் மேல ஏத்திவிடுங்க. சத்தம் போடாம போயிருவாரு" என்றார் அதிகாரி.

உண்மையைச் சொல்கிறேன், நான் போயிருப்பேன். மிஸ்தான் விடவில்லை. "ஒருத்தர தூக்கி வச்சா மத்தவங்க தேதி சரியாயிருமா?"

வெறும் எழுத்தாக இருந்த எல்லோருடைய தேதியையும் தேதியாகவே மாற்றினார். நாள், மாதம், வருடம் என்ற வரிசையையும் கம்ப்யூட்டருக்கு அவரே சொன்னார். "சொல்லாம விட்டா அதுவா ஊகிக்கும். மார்ச் நாலு ஏப்ரல் மூணாயிரும்." ஒரு தேதியை மட்டும் அது ஏற்கவில்லை. எங்கள் லயத்து அமிர்தம் பிறந்தது பெப்ரவரி முப்பத்தொன்று என்று இருந்தது!

மிஸ் பஸ் ஏறித் தோட்டத்துக்கே வந்தார். அமிர்தம் வாய்விட்டுச் சிரித்தாள். "மாசக் கடைசின்னு எங்கம்மா சொல்லியிருக்கும். எழுதுனவரு முப்பத்தொண்ண போட்டுட்டாரு." டிஸ்பென்சரியின் பழைய பிறப்புப் புத்தகத்தில் இருபத்தெட்டு என்று இருந்தது. வருடம் 1947. புதுப் பட்டியலில் அமிர்தம் ஒன்றாவது, நான் இரண்டாவது.

அதன் பிறகுதான் எழுத்துப் படிக்கப் போனேன். என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று இனி ஒருவரிடமும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த வியாழக்கிழமை, மிஸ்ஸின் மையித்து வீட்டு வாசலில் குமார் காதோடு சொன்னான்: "இப்பத்தான் வீடு பிரிக்கப் போறாங்க, மிஸ் போனதும் பழைய பட்டியலயே எடுத்திருக்காங்களாம் தாத்தா. புதன்கிழமை ஒட்டுறாங்களாம்." அதில் அவன்தான் முதல் ஆள். இருந்தும் சொன்னான்.

ஒட்டட்டும். என்னிடம் மிஸ் எழுதித் தந்த துண்டுக் கடதாசி இருக்கிறது: 1949-03-31. "பெருசு முன்னால, தாத்தா. வருஷம், மாசம், நாள். இப்படி எழுதினா வெறும் எழுத்தா அடுக்கினாக்கூட வயசு தப்பாது." லயத்தில் எல்லோருடைய பிறந்த தேதியையும் அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தொன்று முடிந்தது. புதன்கிழமைக்குள் மீதியும் முடியும். அவர்கள் பட்டியலுக்குப் பக்கத்தில் என் பட்டியலையும் ஒட்டிவிட்டு, இரண்டையும் நானே உரக்கப் படிப்பேன்.

அங்கே என்ன நடந்தது என்பதும் அடுத்த வாரம் இதே கோணல் கையெழுத்தில்தான் உங்களுக்கு வரும்.