காரின் ஹலூஸ்காவுக்குக் கிடைத்த புதன்கிழமை

நாற்பத்தைந்தாம் தெரு நாடக அரங்கில் டார்ச் அடித்து இடம் காட்டியே எனக்கு இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. வெளியூர்க்காரர்கள் பிராட்வே விளக்குகளை அண்ணாந்து பார்த்து வாய் பிளப்பார்கள். எனக்குக் குமட்டும்.

காரின் எங்கள் மாற்று நடிகை. நாயகி கேமில் வராத அன்றைக்குத்தான் இவளுக்கு மேடை. நாலு வருடத்தில் கேமில் ஒரு சளிகூடப் பிடித்துப் படுக்கவில்லை. ஆனாலும் கூப்பிட்டால் ஓடிவர வேண்டுமே, அதனால் ஒவ்வொரு காட்சியிலும் இடைவேளை முடியும்வரை காரின் பத்துத் தெருவைத் தாண்டக் கூடாது. அதற்குள்ளேயே சூப் குடித்தாள், பல் பிடுங்கிக்கொண்டாள், ஒருவனைக் காதலித்துத் தொலைக்கவும் செய்தாள்.

போன மே மாதம் கேமில் ஒரு புதன் மதியக் காட்சிக்கு விடுப்பு கேட்டாள். சேதி தெரிந்ததும் காரினின் அம்மா பெர்னிஸ், சர்ச் தோழிகள் பதினோரு பேரோடு சொந்த ஊரான ஸ்க்ராண்டனிலிருந்து பஸ் ஏறிவிட்டார். 'இந்தக் காட்சியில் நாயகியாக காரின் ஹலூஸ்கா' என்று அச்சடித்த சீட்டை நிகழ்ச்சிப் புத்தகங்களில் நானே செருகினேன்.

காட்சிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மேலாளர் ஓடி வந்தார்.

"சீட்டையெல்லாம் உருவுங்கப்பா. விருதுக்கு ஓட்டுப் போடுறவங்க இன்னைக்கு வர்றாங்களாம். கேமிலே நடிக்கிறா."

"அந்தப் பொண்ணோட அம்மா வாசல்ல நிக்கிறாங்க சார்."

"அதுக்கு நான் என்னய்யா பண்ண?"

காரின் முகத்தில் பாதிச் சாயம் பூசியிருந்தாள். "அம்மாகிட்ட நீயே சொல்லிடு, வெண்டல்" என்றாள். பஞ்சை எடுத்துச் சாயத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

நான் சொன்னேன். பெர்னிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப டிவியில வர்ற அந்த கேமில்தானா நடிக்கப் போறா?" என்று கேட்டார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்க வேண்டாம்.

நாடகம் முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இங்கே அது கொட்டாவி மாதிரி, ஒருவர் ஆரம்பித்தால் போதும். பின்வாசலில் கேமில் காரினின் தோளில் கைபோட்டு, "இவ இல்லன்னா நானே இல்ல" என்றாள். அதற்கும் கைதட்டல். த்தூ!

பெர்னிஸ் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். மகளைக் கட்டிக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கைபேசியை மகள் கையில் திணித்துவிட்டு கேமிலை ஒட்டி நின்றுகொண்டார்.

"எடுடி. அப்படியே இன்னொண்ணும் எடுத்து வை, ஒண்ணு சரியா வரலன்னா மத்தது உதவும்."

காரின் இரண்டு படம் எடுத்தாள்.