ஓர் அணிக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

எனக்குக் கால்பந்து தெரியாது. தெரியாமலேயேதான் ஒரு கால்பந்து அணிக்குச் சொந்தக்காரி ஆனேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலை. அதன் சோதனைக்கூடத்தில் கெமிஸ்டாகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கம்பெனி பஸ் திருநின்றவூரில் என்னை ஏற்றிக்கொண்டு, பெரியபாளையம் வழியாகப் புதுவாயல் போய், அங்கே நெடுஞ்சாலையில் திரும்பும். பஸ்ஸில் பெண் நான் ஒருத்திதான். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டை எனக்கென்று விட்டுவைத்திருந்தார்கள். பின்னால் இருந்து சத்தம் மட்டும் வரும். "அவன வுட்டுடு, கால் போச்சு", "இவன எடுத்துக்கோ, நல்லா ஓடறான்". முதல் வாரம் யாரோ ஆட்டு வியாபாரம் செய்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது போனில் ஆடுகிற ஆட்டம் என்று பிறகு புரிந்தது. வெளிநாட்டு லீக் ஒன்றில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து, தங்கள் அணியாக வைத்திருந்தார்கள். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. அந்த ஆள் நிஜ மைதானத்தில் கோல் போட்டால், தடுத்தால், நமக்குப் புள்ளி. வாராவாரம் ஓர் அணிக்கும் இன்னோர் அணிக்கும் போட்டி. சீசன் நடுவில், யார் கையிலும் இல்லாமல் மிச்சம் கிடக்கிற ஆட்டக்காரர்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தால் தன்னிடம் இருக்கும் ஒருவரை விட்டுவிட வேண்டும். பட்டியலில் கடைசியாக நிற்பவருக்குத்தான் முதல் உரிமை. புதன்கிழமை காலை நடக்கும் இந்த வேலைக்குப் பஸ்ஸில் 'பொறுக்குறது' என்று பெயர்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், ரோலிங் பிரிவில் காண்ட்ராக்டில் இருந்த ஒருவருக்கு வேலை போயிற்று. காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். புதுவாயலில் வாடகைக்கு இருந்தவர், வீட்டைக் காலி செய்துகொண்டு மனைவி பிள்ளையோடு சொந்த ஊரான எளாவூருக்குப் போய்விட்டார். போன் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். அவரோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

அடுத்த நாள் பெரியபாளையத்தில் ஏறும் எலக்ட்ரீஷியன் நேராக என் சீட்டுக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஆட்டத்தை நடத்துபவரும் அவர்தான், முதல் இடத்தில் இருப்பவரும் அவர்தான்.

"ஏம்மா, ஒரு டீம் ஆளில்லாம கீது. நீ எடுத்துக்கறியா? ஒருத்தன் கொறஞ்சா ஜோடி சேர மாட்டேங்குது."

"எனக்கு ஃபுட்பால்ல ஒண்ணுமே தெரியாதுங்க சார்."

"அதான் வேணும். தெரிஞ்சவனுங்க எல்லாம் பேஜாரு பண்ணிக்கினு கீறானுங்க."

போனவர் தன் பாஸ்வேர்டை அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அணியின் பெயர் 'எளாவூர் எக்ஸ்பிரஸ்'. பட்டியலில் கடைசி.

முதல் வாரம் முகத்தைப் பார்த்துப் பதினோரு பேரைப் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பேர் மாறியிருந்தார்கள். நான்தான் எங்கேயோ அழுத்தித் தொலைத்தேன் என்று நினைத்துத் திரும்பப் பழையபடி வைத்தேன். காலையில் மறுபடி மாறியிருந்தது. நான் ஆட வைத்த ஒருவருக்கு அந்த வாரம் ஆடவே தடை இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரமும் இதே கதை. யாரோ என் அணியை எனக்குத் தெரியாமல் திருத்திக்கொண்டிருந்தார்கள். வேறு வழி தெரியாமல், அணியின் பெயரை 'யாரது' என்று மாற்றிவைத்தேன்.

மறுநாள் காலை பெயர், 'பழைய ஓனர்தான், மன்னிக்கவும்' என்று இருந்தது.

பஸ்ஸில் எல்லோர் போனிலும் அது தெரிந்தது. பின்சீட்டில் சிரிப்பு. எலக்ட்ரீஷியன் மட்டும் சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அவன் போன்ல டீம இன்னும் தொறந்துதான் வச்சிக்கினு கீறான். நீயே பேசும்மா. நான் கூப்ட்டா எடுக்க மாட்டேன்றான்."

சாப்பாட்டு நேரத்தில் சோதனைக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று, எலக்ட்ரீஷியன் கொடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். மறுமுனையில் லாரி ஹாரன்கள். செக் போஸ்டுக்குப் பக்கத்தில் லாரி எடை போடும் இடத்தில் சீட்டு எழுத உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. காலைல எந்திரிச்சா கை அங்கதான் போவுது. இன்னியோட வெளிய வந்துடறன்."

"வேணாம்ணா. எனக்குத்தான் எதுவும் தெரியலையே. ரெண்டு பேருமா பாத்துக்கலாம்."

ஒரு லாரிக்காரருக்கு எடை சொல்லி அனுப்பினார். பிறகு, "பஸ்ல சொல்லாதம்மா" என்றார். "நான் சொல்றதுக்கு என்னண்ணா இருக்கு, நீங்கதான் பேர்லயே எழுதிட்டீங்களே" என்றேன். அவர் சிரித்தார்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரம் எங்களுடையது. மறுநாள் யாரைப் பொறுக்குவது என்று பேசுவோம். அவருக்கு ஒவ்வொரு ஆட்டக்காரரின் கதையும் தெரியும். எந்த ஊரில் பிறந்தான், எந்த மழையில் எப்படி ஒரு கோல் போட்டான் என்று சொல்லிக்கொண்டே போவார். எனக்கு அதெல்லாம் பிடித்திருந்தது, ஆனால் எடுக்கத் தோன்றாது. "அது எப்போண்ணா? போன மாசம் என்ன செஞ்சார்?" என்று கேட்பேன். சோதனைக்கூடத்தில் ஒரு நல்ல மாதிரியைப் பார்த்து முடிவெழுத மாட்டோம், வரிசையாக நாலைந்தைப் பார்ப்போம். அந்தப் பழக்கம். "நீ இன்னாமா, ஆளப் பாக்காம கணக்கப் பாக்கற" என்று சலித்துக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு கோல்கீப்பரை எடுக்கலாம் என்றேன். வாராவாரம் தோற்கிற கிளப் அது.

"தோக்கற டீம் கோலிய யாருனா எடுப்பாங்களா?"

"அந்தப் பக்கந்தானேண்ணா பந்து வந்துக்கிட்டே இருக்கு. தடுத்தாலும் நமக்குப் புள்ளிதானே?"

யோசித்தார். ஒத்துக்கொண்டார். அப்படியானால் யாரை விடுவது? எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அணியில் வயதான முன்கள ஆட்டக்காரர் ஒருவர் முழங்காலில் அடிபட்டு மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தார். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. அவரைச் சொன்னேன்.



"அவன் வந்துடுவான்மா" என்றார். குரல் மாறியிருந்தது. "கால் சரியாயிடும். ஆட வுடாம குந்த வச்சிக்கீறாங்க, அவ்ளோதான். அதுக்குன்னு தூக்கிப் போட்டுடுவியா?"

 நாங்கள் ஆட்டக்காரரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம், ஆனால் தொட்டி நிழலில் எனக்கு வியர்த்தது. "சரிண்ணா, அவர் இருக்கட்டும். கோலி வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிற்பகல் முழுவதும் வேலை ஓடவில்லை.

மறுநாள் பஸ்ஸில் போனைத் திறந்தேன். கோல்கீப்பர் எங்கள் அணியில் இருந்தார். முழங்கால்காரர் இல்லை. உடனே கூப்பிட்டேன்.

"ஏண்ணா? நான்தான் இருக்கட்டும்னேனே."

"நீ எனக்காகப் பாத்த. டீமுக்காகப் பாக்கணும்ல" என்றார். "வுடும்மா. நாஷ்டா துண்ணியா?"

பெரியபாளையத்தில் ஏறிய எலக்ட்ரீஷியன், மிச்சத்தில் கிடந்த முழங்கால்காரரை ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் எடுத்துக்கொண்டார். "ஒருத்தன வுட்டு இவனுக்கு எடம் பண்ணிட்டேன். குந்தினு கெடக்கட்டும்" என்றார்.

அந்தக் கோல்கீப்பர் எங்களைத் தூக்கி நிறுத்தினார். அவருடைய கிளப் தோற்றுக்கொண்டே இருந்தது, அவர் தடுத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் கடைசியிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே வந்தோம். அண்ணன் இப்போது பஸ்ஸைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருந்தார். "என் சீட்ல யாரு குந்தறது? டிரைவர் இன்னும் அதே பாட்டத்தான் போடறாரா?" கோல்கீப்பர் ஒரு பெனால்டியைத் தடுத்த வாரம், காலையில் பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டுவிட்டார். நான் பேசிக்கொண்டிருக்கையில் எலக்ட்ரீஷியன் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"டேய் நைனா. உன் கோலி என்ன சாவடிக்கிறான்டா."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆலை வாசல் வரும்வரை எலக்ட்ரீஷியன் போனைத் திருப்பித் தரவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் கொடுத்தார். மறுநாள் அண்ணன் பழையபடி குழுவில் சேர்ந்திருந்தார்.

கடைசி வாரம் எங்களுக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் போட்டி. ஜெயித்தால் முதலிடம். முழங்கால்காரர் இரண்டு வாரம் முன்புதான் மைதானத்துக்குத் திரும்பியிருந்தார். அந்தக் கடைசி ஆட்டத்தில் அவர் இரண்டு கோல் போட்டார், எலக்ட்ரீஷியனுக்காக. நாங்கள் தோற்று மூன்றாவதாக முடித்தோம்.

காலையில் அண்ணனிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே போன் வந்தது.

"பாத்தியாம்மா?" என்றார். "ரெண்டு. நான் சொன்னேன்ல, வந்துடுவான்னு."

தோற்றவர் குரலாக அது இல்லை. அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் தோற்ற வருத்தம் போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் எளாவூரில் அவர் வீட்டுக்குப் போனோம். நான் அவரை முதன்முறையாகச் சரியாகப் பார்த்தது அன்றுதான். அத்தனை நாள் ஒரே பஸ்ஸில் போயிருந்தும் முகம் நினைவில் இல்லை. அவர் மனைவி பிரியாணி பரிமாறிக்கொண்டே, "இன்னா பேசுவாருன்றீங்க, செவ்வாக்கெழமை வந்தா எங்க ஊட்ல யாரும் போனத் தொடக்கூடாது" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். சில வாரங்கள் கழித்து, எடை போட வந்த லாரிக்காரர் ஒருவர் சொல்லி, தொழிற்பேட்டையிலேயே வேறொரு ஆலையில் அவருக்கு வேலை கிடைத்தது.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். காலையில் மின்சார ரயில். புது அலுவலகத்திலும் இந்த ஆட்டம் உண்டு, நானும் இருக்கிறேன். இங்கே யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அவரவர் போனில் அவரவர் எடுத்துக்கொள்கிறார்கள், முடிவு மட்டும் தெரியவருகிறது. சில செவ்வாய்க்கிழமைகளில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். யாராவது லாரிச் சத்தத்துக்கு நடுவில், "ஆளப் பாரும்மா" என்று கத்தினால் நன்றாக இருக்கும்.